குடியிருப்பில் கொடியேற்றம்: முடிச்சு முதல் தேசிய கீதம் வரை

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆகஸ்ட் 15 அன்று மொட்டை மாடியில் கொடியேற்றுகிறோம். சென்ற ஆண்டு கயிற்றை எவ்வளவு இழுத்தும் கொடி விரியவில்லை. அந்தக் கொடி இப்போது ஓரம் கிழிந்து கிடக்கிறது. கொடியை மாலையில் இறக்கியே ஆக வேண்டுமா? இன்னொரு சங்கடம்: ஒரு குடும்பத்தார் தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்கிறார்கள், பாடுவதில்லை. அது அவமதிப்பு என்று சிலர் கோபப்படுகிறார்கள். என்ன செய்வது?
– குடியிருப்போர் சங்கச் செயலாளர்

பதில்: கொடி விரியாமல் போவதற்குப் பெரும்பாலும் கடைசி முடிச்சுதான் காரணம். பாதியில் அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் நாலைந்து சுற்றுச் சுற்றி இறுக்கிவிடுகிறார்கள். இரவுப் பனியில் நனைந்த பருத்திக் கயிறு இன்னும் இறுகிக்கொள்ளும். கொடியை நீளவாக்கில் மடித்துச் சுருட்டி, கீழ்நோக்கி வரும் கயிற்றால் இரண்டு சுற்று மட்டும் சுற்றுங்கள். பிறகு கயிற்றின் ஒரு மடிப்பை அந்தச் சுற்றுக்குள் செருகினால் போதும், நுனியை முழுக்க உள்ளே நுழைத்து முடிச்சுப் போட வேண்டாம். உள்ளே ஒரு கைப்பிடி உதிரிப்பூ வைக்கலாம், சட்டம் அதை அனுமதிக்கிறது. ஆனால் கம்பத்தின் உச்சியில் பூவோ மாலையோ வேறு எந்தப் பொருளோ இருக்கக் கூடாது. முந்தின நாள் மாலை இரண்டு முறை ஏற்றி, இழுத்துப் பாருங்கள். அன்றிரவே கட்டி வைக்காமல் காலையில் புதிதாகக் கட்டுங்கள்.

சுருட்டும் முன் காவிப் பக்கத்தின் கயிறு மேலே போகும் கயிற்றோடு சேர்ந்திருக்கிறதா என்று இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்கட்டும். தலைகீழாகப் பறப்பது பெரும்பாலும் இந்த இடத்தில் நேரும் கவனக்குறைவு. 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம், வேண்டுமென்றே காவியைக் கீழே வைத்துப் பறக்கவிடுவதைத்தான் குற்றம் என்கிறது. மூன்றாண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். தெரியாமல் நேர்ந்துவிட்டால் பதற்றம் வேண்டாம். உடனே இறக்கி, சரிசெய்து மீண்டும் ஏற்றுங்கள்.

புதுக் கொடி வாங்கும்போது அளவு நாடா எடுத்துச் செல்லுங்கள். நீளத்துக்கும் உயரத்துக்கும் விகிதம் 3:2; நடுவில் கருநீலச் சக்கரம், 24 ஆரங்கள். மாடிக் கம்பத்துக்கு 900 × 600 மி.மீ. அல்லது 1350 × 900 மி.மீ. பொருந்தும். தேசியக் கொடியை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லும் கொடி விதித் தொகுப்பில் 2021 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு இயந்திரத்தில் நெய்த பாலியெஸ்டர் கொடியும் செல்லும். ஆனாலும் பருத்தியையோ கதரையோதான் பரிந்துரைப்போம், ஏன் என்பது கீழே.

மாலையில் இறக்கியே ஆக வேண்டும் என்ற விதி இப்போது இல்லை. அதே தொகுப்பின் 2022 ஜூலைத் திருத்தத்தின்படி திறந்தவெளியிலும் வீட்டிலும் இரவும் பகலும் பறக்கலாம். ஆனால் சேதமான கொடி பறக்கக் கூடாது என்ற விதி அப்படியே இருக்கிறது. மாடிக் காற்றில் ஓரத் தையல்தான் முதலில் பிரியும். தினமும் பார்க்க ஆள் இல்லையென்றால் மாலையிலேயே இறக்கிவிடுங்கள். ஏற்றும்போது விரைவாக, இறக்கும்போது மெதுவாக. மடிக்கும்போது காவியையும் பச்சையையும் வெள்ளைப் பட்டைக்கு அடியில் மடித்து, பிறகு இரு பக்கமும் அடியில் மடித்தால் சக்கரம் மேலே தெரியும். உள்ளங்கைகளில் ஏந்திக் கொண்டுபோய் வையுங்கள்.

கிழிந்த கொடியைக் குப்பையில் போடாதீர்கள், துடைக்கும் துணியாக்காதீர்கள். கூட்டம் கூட்டாமல், தனியிடத்தில் முழுமையாக எரிப்பதையே கொடி விதித் தொகுப்பு முதலில் சொல்கிறது. கண்ணியம் குறையாத வேறு வழியும் ஏற்கப்படும். பருத்தி சாம்பலாகிவிடும். பாலியெஸ்டர் உருகிச் சொட்டும், புகையும் கெடுதல். அதைச் சுத்தமான துணியில் சுற்றிப் புதைத்துவிடலாம். குழந்தைகளின் காகிதக் கொடிகளையும் விழா முடிந்ததும் ஒரு பெட்டியில் சேகரித்துவிடுங்கள்.

பாடாத குடும்பத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1986-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. கேரளத்தில் மத நம்பிக்கை காரணமாகத் தேசிய கீதம் பாடாமல், ஆனால் மரியாதையோடு எழுந்து நின்ற மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கில் நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது: பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை, எழுந்து நிற்பதே உரிய மரியாதை. பல மதம், பல மொழிக்காரர்கள் சேர்ந்து உருவாக்கிய நாட்டில் தேசிய அடையாளம் இந்தச் சகிப்பை உள்ளடக்கியதுதான். அந்தக் குடும்பம் ஏற்கெனவே செய்வதே போதும். பாடச் சொல்லி அவர்களை வற்புறுத்துவதுதான் தவறு.

நிகழ்ச்சியைத் தமிழ்த்தாய் வாழ்த்தோடு தொடங்குங்கள். 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது, பாடும் நேரம் 55 விநாடி. கொடி விரிந்ததும் தேசிய கீதம், ஏறத்தாழ 52 விநாடி. ஒலிபெருக்கியில் போடுவதானால் பாட்டை முன்கூட்டியே கைப்பேசியில் இறக்கி வையுங்கள். இணையம் தடுமாறிக் கீதம் பாதியில் நின்றால் எல்லோருக்கும் சங்கடம். எழுந்து நிற்க முடியாத முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முன்வரிசையில் நாற்காலி போடுங்கள். அவர்கள் உட்கார்ந்திருப்பதை யாரும் குறையாகப் பேசக் கூடாது என்று முன்னதாகவே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.