ஆசியச் சாப்பாடு: எங்கே போவது, எதைக் கேட்பது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வேலை விஷயமாகப் பெருநகரங்களுக்குப் போய்வருகிறேன். நல்ல ஆசியச் சாப்பாடு கிடைக்கும் கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ‘ஏசியன்’ என்று மட்டும் பலகை மாட்டிய கடையைத் தாண்டிப் போய்விடுங்கள். சுஷி, தாய்லாந்துக் கறி, ஜப்பானிய நூடுல்ஸ் சூப்பான ராமென், ஃப்ரைடு ரைஸ் எல்லாம் ஒரே மெனுவில் இருந்தால், அத்தனையும் கைவந்த சமையல்காரர் உள்ளே இருப்பார் என்று எனக்கு நம்பிக்கையில்லை. ஒரே நாடு, முடிந்தால் அதிலும் ஒரே வட்டாரம் என்று சொல்லிக்கொள்ளும் கடையைத் தேடுங்கள். சீனம் என்றால் சிச்சுவானா கான்டனா, தாய்லாந்து என்றால் வடகிழக்கு இசான் சமையலா என்று பாருங்கள். மெனு ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டால் இன்னும் நல்லது.

அடுத்தது, நகரின் நடுவிலிருக்கும் சைனா டவுனோடு நின்றுவிடாதீர்கள். குடியேறிய குடும்பங்கள் பல எப்போதோ வாடகை குறைந்த பகுதிகளுக்கு நகர்ந்துவிட்டன, நல்ல சமையலும் அவர்கள் பின்னாலேயே போய்விட்டது. நியூயார்க்கில் குயீன்ஸ் பக்கம் ஃப்ளஷிங், லாஸ் ஏஞ்சலஸில் சான் கேப்ரியல் பள்ளத்தாக்கு. லண்டனில் கொரியச் சாப்பாட்டுக்கு நியூ மால்டன், வியட்நாமியத்துக்கு கிங்ஸ்லேண்ட் சாலை. பாரிஸில் 13ஆவது வட்டாரம். டோக்கியோவிலேயே கொரியச் சாப்பாடு வேண்டுமென்றால் ஷின்-ஒகுபோ. ஊரே புதிது என்றால் ஆசிய மளிகை விற்கும் பெரிய சூப்பர்மார்க்கெட் எங்கே என்று தேடுங்கள். அதே கட்டடத்திலோ எதிர்ச்சாரியிலோ சாப்பிட இடம் இருக்கும். இணைய மதிப்பீடுகளில் வரும் ஸ்டார்களை அப்படியே நம்பவேண்டாம். பரிமாறுபவர் சிரிக்கவில்லை என்று ஸ்டாரைக் குறைத்தவர் சூப்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதியிருக்கமாட்டார்.

கேள்வி: டிம் சம் சாப்பிட ராத்திரி போனோம், சுமாராகத்தான் இருந்தது. கடை சரியில்லையா?

பதில்: நேரம் சரியில்லை. டிம் சம் என்பது காலையிலிருந்து மதியம் வரை சிறு பலகாரங்களைத் தேநீரோடு சாப்பிடும் கான்டன் வழக்கம். இரவிலும் கொடுக்கும் கடைகள் உண்டு. ஆனால் அப்போது தட்டுகள் மெதுவாகத்தான் நகரும், சிலசமயம் காலையில் செய்தது மறுபடி ஆவி ஏறி வரும். வார இறுதியில் பதினோரு மணிக்கு முன்னால் போய்ப் பாருங்கள். நாலு பேராவது போங்கள். ஒரு கூடையில் மூன்று நாலு உருண்டைதான் இருக்கும், இரண்டு பேராகப் போனால் ஐந்தாவது வகைக்குள் வயிறு நிறைந்துவிடும்.

கடையை எடைபோட ‘ஹார் கௌ’ ஒன்று போதும். இறால் வைத்த வெள்ளைக் கொழுக்கட்டை அது. மேல்தோல் மெல்லியதாக இருந்து, உள்ளே இறாலின் இளஞ்சிவப்பு தெரியவேண்டும். சாப்ஸ்டிக்கால் தூக்கும்போது அடியில் ஒட்டிக் கிழியக்கூடாது, கடித்தால் இறால் நறுக்கென்று இருக்கவேண்டும். மாவு பல்லில் ஒட்டினால் பில் கேட்டுக் கிளம்பலாம். தேநீர் தீர்ந்தால் யாரையும் கூப்பிட வேண்டாம். கெண்டியின் மூடியைச் சாய்த்துத் திறந்து வையுங்கள், வந்து ஊற்றுவார்கள்.

கேள்வி: நான் சுத்த சைவம். ‘வெஜிடபிள்’ என்று போட்டிருந்தால் நம்பலாமா?

பதில்: நம்பவேண்டாம். கண்ணுக்குத் தெரியும் காய்கறியில் சிக்கல் இல்லை, தெரியாத சாறில்தான் இருக்கிறது. தாய், வியட்நாமியச் சமையலில் மீன் சாஸ். கான்டன் கீரைப் பொரியலில் சிப்பி சாஸ். ஜப்பானிய மிசோ சூப்பில் உலர்ந்த மீன் சீவலிலிருந்து எடுத்த ‘தாஷி’. கொரிய ஊறுகாயான கிம்ச்சியில் பெரும்பாலும் உப்பிட்ட இறால் அல்லது மீன் சாஸ். தாய் சிவப்பு, பச்சைக் கறி விழுதுகளில்கூட இறால் விழுது கலந்திருக்கும். “இறைச்சி வேண்டாம்” என்றால் கோழித் துண்டை மட்டும் எடுத்துவிட்டுக் கொண்டுவருவார்கள். அதனால் மீன் சாஸ், சிப்பி சாஸ், மீன் சூப் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இதைவிட எளிய வழி, புத்த மதச் சைவ உணவகம். பல பெருநகரங்களில் சீன, தைவானிய, வியட்நாமியச் சைவக் கடைகள் இருக்கின்றன. வியட்நாமியக் கடையில் ‘சாய்’ என்றும், தாய்க் கடையில் மஞ்சள் கொடியில் சிவப்பெழுத்தில் ‘ஜே’ என்றும் போட்டிருந்தால் தைரியமாக நுழையலாம். இவற்றில் பலவற்றில் வெங்காயமும் பூண்டும்கூட இருக்காது. சோயாவில் செய்த ‘வாத்து’, ‘மீன்’ வந்தால் பதறாதீர்கள். எனக்கு அந்தப் போலி வாத்து அவ்வளவாகப் பிடிப்பதில்லை. காளான் உணவுகள்தான் அங்கே தங்கம்.

கேள்வி: தாய் உணவகத்தில் சாப்ஸ்டிக் தரவில்லையே?

பதில்: சோற்றுக்கு அவர்கள் கரண்டியும் முள்கரண்டியும்தான் பயன்படுத்துகிறார்கள். முள்கரண்டியால் கரண்டிக்குள் தள்ளிச் சாப்பிட வேண்டும். சாப்ஸ்டிக் நூடுல்ஸுக்கு.

கேள்வி: சுஷியில் பச்சை மீன். பாதுகாப்பானதா? ‘இன்று பிடித்த மீன்’ என்று எழுதிய கடைக்குப் போகலாமா?

பதில்: அந்த வாசகத்துக்கு மயங்க வேண்டாம். ஒட்டுண்ணிகளைக் கொல்வதற்காக, பச்சையாகப் பரிமாறும் பல மீன்களை முன்கூட்டியே உறையவைக்கிறார்கள். அமெரிக்க உணவு விதிகளில் ஒரு வழி, மைனஸ் 20 டிகிரியில் 7 நாள். சூரை மீனுக்கு விலக்கு உண்டு. ஆகவே உறைந்த மீன் என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. நான் முதலில் கவனிப்பது சோற்றைத்தான். உடம்புச் சூட்டில், பருக்கை பருக்கையாக, வாயில் வைத்ததும் உதிரவேண்டும். ஜில்லென்று கட்டியாக இருந்தால் மீன் எவ்வளவு உசத்தியாக இருந்தும் வீண். செலவு அதிகமென்று தோன்றும் கடைக்கு மதியம் போய் ‘செட்’ சாப்பாடு வாங்குங்கள், இரவைவிடக் குறைவாகத்தான் ஆகும்.

கேள்வி: சீனச் சாப்பாடு என்றாலே அஜினோமோட்டோ, தலைவலி என்கிறார்களே?

பதில்: 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கடற்பாசியிலிருந்து பிரித்தறிந்த குளுட்டமேட் என்ற சுவைப்பொருள்தான் அது. தக்காளியிலும் முற்றிய சீஸிலும் அதே குளுட்டமேட் இயல்பாகவே இருக்கிறது. கலந்திருப்பது தெரியாமல் கொடுத்துப் பார்த்த சோதனைகளில், சாப்பாட்டில் சேர்க்கும் அளவுக்குத் தலைவலி உறுதிப்படவில்லை. ஒத்துக்கொள்ளவில்லை என்று உங்களுக்குத் தோன்றினால் தவிருங்கள், சரிதான். ஆனால் அந்த மேசையில் நான் பயப்படுவது உப்புக்கு.

கேள்வி: தனியாகப் பயணம் செய்கிறவள் நான். எங்கே சாப்பிடலாம்?

பதில்: கொரிய இறைச்சிச் சுடல் கடைகள் பலவற்றில் இரண்டு பேர் அளவுக்குக் குறைந்து ஆர்டர் எடுக்கமாட்டார்கள். அங்கே கல்சட்டியில் வரும் பிபிம்பாப், அதாவது மேலே காய்கறி வைத்துக் கலந்து சாப்பிடும் சோறு, கேளுங்கள். வந்ததும் கிளறாமல் சற்று விட்டால் அடியில் சோறு மொறுமொறுப்பாகப் பிடிக்கும். கூட வரும் சிறு கிண்ணத் தொட்டுக்கைகளை வழக்கமாக மறுபடியும் காசில்லாமல் நிரப்பித் தருவார்கள்.

தனி ஆளுக்கு இதைவிடத் தோதானது ராமென் கடை, அதுவும் கவுண்டரை ஒட்டிய இருக்கை. பக்கத்தில் இருப்பவரும் தனியாகத்தான் வந்திருப்பார். பேச்சை வைத்துக்கொள்ளாமல் சூட்டோடு சாப்பிடுங்கள், நூடுல்ஸ் ஊறினால் போச்சு. ஜப்பானின் ஹகாட்டா பகுதி வகைக் கடை என்றால் ‘காயேடாமா’ என்று கூடுதல் நூடுல்ஸ் தனியாகக் கிடைக்கும். அதைக் கேட்கும் எண்ணமிருந்தால் கிண்ணத்தில் பாதி சூப்பையாவது மிச்சம் வையுங்கள்.