மீசை, நடை, நாலு கட்டி சர்க்கரை: வாசகர் கேள்வி – பதில்

அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் எர்க்யூல் புவாரோவாகத் தொலைக்காட்சியில் வாழ்ந்த டேவிட் சூஷே பற்றி மும்பை வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த முறை.

*கேள்வி: தொடரை முதலிலிருந்து மறுபடி பார்க்கிறோம். இத்தனை வருஷமும் ஒரே நடிகர்தானா? வயசு ஏறினதே தெரியலையே! – வாசகி, செம்பூர்*

ஒரே ஆள்தான். லண்டனில் 1946 மே 2 அன்று பிறந்தவர். லாம்டா நாடகப் பள்ளியில் படித்து, 1973-இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்ற நாடகக் குழுவில் சேர்ந்தார். முதல் எபிசோட் 1989 ஜனவரி 8, கடைசி எபிசோட் 2013 நவம்பர் 13. மொத்தம் 70. ஆரம்பிக்கும்போது அவருக்கு 42 வயது. ஆனால் போட்டதோ நடுவயதைத் தாண்டிய ஒரு தொந்திக்காரரின் வேஷம். போகப்போக அவர் வயது வேஷத்தின் வயதை எட்டிப் பிடித்துவிட்டது, அதனால் கண்ணில் படவில்லை. தொடர் விடாமல் ஓடியதும் இல்லை. 1998, 1999 இரண்டு வருஷமும் புதிதாக ஒன்றும் வரவில்லை. அந்த இடைவெளியில் ‘அமேடியஸ்’ நாடகத்தில் இசையமைப்பாளர் சாலியேரியாக மேடையில் நடித்துக்கொண்டிருந்தார்.

*கேள்வி: எங்கள் சபா நாடகத்தில் புவாரோ சாயலில் ஒரு பாத்திரம் எனக்கு. குட்டிக்குட்டி அடி வைத்து நடந்தால் எல்லாரும் சிரிக்கிறார்கள். சூஷே நடந்தால் மட்டும் ஏன் கம்பீரமாக இருக்கிறது? – வாசகர், மாட்டுங்கா*

நீங்கள் காலிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள், அவர் இடுப்பிலிருந்து ஆரம்பித்தார். பிரிட்டிஷ் நடிகர் லாரன்ஸ் ஒலிவியே சொன்னதாகப் படித்த ஒரு வித்தையை எடுத்துக்கொண்டு, பின்புறத் தசைகளுக்கு நடுவே ஒரு நாணயத்தை இடுக்கிக்கொண்டு, அது விழாமல் வீட்டுத் தோட்டத்தில் நடந்து நடந்து பழகினார். இடுக்கிப் பிடித்தால் தொடைகள் நெருங்கும், அடி தானாகக் குறுகும், முதுகு நிமிரும். அடியைக் குறைக்க வேண்டும் என்று நினைக்கவே வேண்டாம்.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு செய்து பாருங்கள். முதலில் நின்றபடி இடுக்கிப் பிடித்து, மூச்சை விட்டுவிட்டு, தோளைத் தளர்த்துங்கள். பிறகு பத்தடி. அது வந்ததும் நடந்துகொண்டே ஒன்றிலிருந்து இருபது வரை உரக்க எண்ணுங்கள். பெரும்பாலும் ஏழு, எட்டிலேயே குரல் கம்மும். கீழே இறுக்கும்போது வயிற்றையும் சேர்த்து இறுக்கி மூச்சை அடக்கிவிடுவதுதான் காரணம். வயிறு இளகியே இருக்கட்டும். இருபதும் தடங்கலின்றி வந்த பிறகு வசனத்துக்குப் போங்கள்.

குரலும் இதே வழிதான். சூஷேயின் சொந்தக் குரல் நெஞ்சிலிருந்து வரும் கனத்த குரல். புவாரோ மூளையால் வாழ்கிறவர் என்பதால் அதை மார்பிலிருந்து தலைக்கு ஏற்றினார். உள்ளங்கையை நெஞ்சில் வைத்து ‘ம்ம்’ என்று முனகுங்கள், அதிரும். சுருதியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனால் நெஞ்சில் அதிர்வு தணிந்து மூக்கெலும்பில் உணர்வீர்கள். அங்கே நிறுத்திப் பேசுங்கள். தொண்டை வலித்தால் ஏற்றியது அதிகம். பொம்மலாட்டக் குரல் வருவதும் அதனால்தான்.

சிரிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. கிறிஸ்டியின் கதைகளைப் படித்து, பாத்திரத்தின் பழக்கங்களை வரிசை எண் போட்டு 93 குறிப்புகளாக எழுதிவைத்திருந்தார் சூஷே. தேநீருக்குப் பொதுவாக நாலு கட்டி சர்க்கரை என்பதுவரை அதில் உண்டு. பூங்கா பெஞ்சில் உட்காருமுன் கைக்குட்டையை விரிக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிக்க, இயக்குநர் மறுக்க, தயாரிப்பாளர் வரை பஞ்சாயத்து போனது. கைக்குட்டை ஜெயித்தது. தூசி ஆகாத மனிதருக்கு அது அவசியம் என்று நம்பி விரித்தார். நீங்கள் விரிக்கும்போது கண் ஆடியன்ஸ் பக்கம் போகிறதா என்று பாருங்கள். போனால், சிரிக்க வைக்கத்தான் விரிக்கிறீர்கள்.

*கேள்வி: அதே மாதிரி வேஷம்தான் எனக்கும். தலையணை கட்டினேன், உட்கார்ந்ததும் தாடைக்கு வந்துவிட்டது. ஒட்டு மீசையோ இரண்டாவது சீனில் தொங்கிவிட்டது. – வாசகர், முலுண்ட்*

தலையணையைத் தூக்கிப் போடுங்கள். சூஷேவுக்கு வயிற்றில் மட்டுமல்ல, மார்பு, முதுகு, தோள் எல்லா இடத்திலும் திணிப்பு இருந்தது. முன்னால் மட்டும் வைத்தால் கர்ப்பிணி மாதிரிதான் தெரியும். ஒரு இஞ்ச் ஸ்பாஞ்சில் மூன்று துண்டு வெட்டி, சின்னதை உடம்போடும் பெரியதை மேலேயும் வைத்து, கையில்லாத பருத்தி பனியனில் தைத்துவிடுங்கள். முன்னிருந்து பின்னுக்குக் கால்களுக்கு நடுவே ஒரு பட்டை, வெல்க்ரோவோடு. மேலே ஏறாமல் பிடிப்பது அதுதான். இலவம்பஞ்சு வேண்டாம், வியர்வையில் கட்டிக்கட்டியாகிவிடும். திணிப்பைப் போட்ட பிறகே கோட்டுக்கு அளவு கொடுங்கள். நாடக உடை வாடகைக்குத் தரும் ட்ரெஸ்வாலாவிடம் எடுத்தாலும் அப்படித்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

மீசை: ஷேவிங்கைக் காலையிலேயே முடித்துவிடுங்கள், உடனே ஒட்டினால் எரியும். மேலுதட்டில் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, ஸ்பிரிட் கம்மை (ஒப்பனைப் பசை) மெல்லிசாகத் தடவி, விரலால் தொட்டால் நூல் இழுக்கும்வரை காத்திருந்து ஒட்டுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. நம் ஊர்ப் புழுக்கத்தில் முதலில் தூக்குவது இரண்டு ஓரமும். சீப்பின் முனையால் ஓரங்களை அழுத்தி, பவுடர் ஒற்றுங்கள். முதல் நாளே முழங்கை உட்பக்கம் ஒரு சொட்டு தடவிச் சோதித்துக்கொள்வது நல்லது.

*கேள்வி: அவ்வளவு வருஷம் லண்டனில் இருந்தும் புவாரோவுக்கு ஏன் இங்கிலீஷ் சரியாக வரவில்லை? – வாசகி, டோம்பிவிலி*

வரும். வேண்டுமென்றேதான் தடுமாறுகிறார். அயல்நாட்டான், பாவம் என்று எதிராளி அசட்டையாக இருக்கும்போது உண்மை வெளியே வந்துவிடும் என்பதைப் புவாரோவே ஒரு நாவலில் சொல்கிறார். அவர் பெல்ஜியம்காரர், பிரெஞ்சுக்காரர் அல்ல. அதற்காகவே சூஷே பெல்ஜிய வானொலியையும் கேட்டுப் பழகினார்.

*கேள்வி: செய்தி வாசித்த ஜான் சூஷே இவருக்கு உறவா? – வாசகர், சயான்*

அண்ணன்.

*கேள்வி: ‘கர்ட்டன்’ எபிசோடைப் பார்க்க மனசே வரவில்லை. நடித்தவருக்கு எப்படி இருந்திருக்கும்? – வாசகி, செம்பூர்*

புவாரோ நோயாளியாகிச் சாகும் கதை அது. தொடரின் கடைசி வரிசையில் அதை முதலிலேயே படமாக்கி முடித்துவிட்டார்கள். கடைசியாக எடுத்தது ‘டெட் மேன்ஸ் ஃபாலி’. டெவனில் கிறிஸ்டியின் சொந்த வீடான கிரீன்வேயில், புவாரோ திடமாக நடமாடும் கதை. அதனால் சூஷே விடைபெற்றது சாகும் புவாரோவாக அல்ல.