மிஸ் லில்லியன்: ஜார்ஜியாவிலிருந்து விக்ரோலிக்கு வந்த ஒரு அம்மா

கேள்வி: ஒரு குடும்பத்துக்கே தூணாக இருந்த, உங்கள் மனதில் நிற்கும் ஒரு பெரிய மனுஷி யார்? சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

எனக்கு லில்லியன் கார்ட்டர். அமெரிக்காவின் 39-வது ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரின் அம்மா என்றால்தான் பலருக்குப் புரியும், ஆனால் மகன் ஜனாதிபதி ஆகாமல் வேர்க்கடலை வியாபாரியாகவே இருந்திருந்தாலும் இந்த அம்மாவைப் பற்றி எழுத அவ்வளவு விஷயம் இருக்கிறது. பிறந்தது 1898 ஆகஸ்ட் 15, ஜார்ஜியா மாநிலத்தில் ரிச்லேண்ட் என்ற சின்ன ஊர். அமெரிக்கத் தெற்கில் வயதான பெண்களைப் பெயரோடு 'மிஸ்' சேர்த்துக் கூப்பிடுவது மரியாதை, கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுத்திருந்தாலும் சரி. அதனால் ஊருக்கே அவர் மிஸ் லில்லியன்.

நர்ஸ் படிப்பு முடித்து, 1923-ல் ஏர்ல் கார்ட்டரைக் கல்யாணம் செய்துகொண்டார். நாலு பிள்ளைகள்: ஜிம்மி, குளோரியா, ரூத், பில்லி. ப்ளெயின்ஸ் ஊருக்கு வெளியே ஆர்ச்சரி என்ற இடத்தில் பண்ணை வீடு, அக்கம்பக்கத்தில் பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்கள். முப்பதுகளின் பொருளாதார மந்தம், யார் கையிலும் காசு இல்லாத காலம். இவர் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிப்பார், இரவு பகல் பார்க்க மாட்டார். பணம் இல்லாதவர்கள் கோழி, முட்டை என்று வீட்டில் இருப்பதைக் கொண்டுவந்து கொடுப்பார்களாம்.

இப்படி அம்மா எப்போதும் வெளியே இருந்தால் பிள்ளைகள் கதி என்ன? வீட்டில் ஒரு சின்னக் கறுப்பு மேசை இருந்தது. இன்றைக்கு என்னென்ன வேலை செய்ய வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி அதன் மேல் வைத்துவிட்டுப் போவார். அந்த மேசைதான் எங்கள் அம்மா என்று நினைத்துக்கொண்டிருந்தோம் என்று பிள்ளைகள் பின்னாளில் கேலி செய்வார்களாம். ரேச்சல் கிளார்க் என்ற கறுப்பினப் பெண்மணியின் வீட்டில்தான் சிறுவன் ஜிம்மி பாதி நேரம் இருந்திருக்கிறார், தன்னை வளர்த்தவர்களில் ஒருவர் என்று கடைசிவரை அவரைச் சொன்னார். நம் வீடுகளில் என்றால் "பெத்தவ பிள்ளையைப் பார்க்காம ஊரைப் பார்க்கப் போயிட்டா" என்று அடுத்த நாளே பேச்சு வந்திருக்கும். எனக்கு இந்த அம்மாவைப் பிடித்ததே இதனால்தான். வீட்டிலேயே உட்கார்ந்து சமைத்துப் போட்டுத்தான் குடும்பத்தைப் பிடித்து வைக்க வேண்டும் என்பதில்லை என்று வாழ்ந்தே காட்டியவர். பிள்ளைகள் அவரைப் பார்த்துத்தான் வளர்ந்தார்கள், அவர் வீட்டில் இல்லாத நேரங்களிலும்.

இனி நிறவெறி விஷயம். அந்தக் காலத் தெற்கில் ஒரு கறுப்பினத்தவர் வெள்ளையர் வீட்டுக்கு வந்தால் பின்வாசலுக்குத்தான் போக வேண்டும், முன்வாசல் என்ற பேச்சே கிடையாது. ஆர்ச்சரியில் இருந்த கறுப்பின பிஷப் ஒருவரின் மகன் வடக்கே போய்ப் படித்தவர், ஊருக்கு வரும்போதெல்லாம் மிஸ் லில்லியனைப் பார்க்க நேராக முன்வாசலுக்கே வருவார். இவர் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார். கணவர் ஏர்ல் ஊர் வழக்கத்தை மீறாத மனிதர். ஆனால் மனைவியைத் தடுக்கவும் மாட்டார், அந்த நேரம் பார்த்து எழுந்து வெளியே போய்விடுவார். ஒரே வீட்டில், ஒரே வரவேற்பறையில் நடந்த இந்தக் காட்சியை ஒரு சின்னப் பையன் பார்த்துக்கொண்டே வளர்ந்தான் என்பதை யோசித்துப் பாருங்கள். 1971-ல் அவன் ஜார்ஜியா கவர்னராகப் பதவியேற்றபோது, இனப் பாகுபாட்டின் காலம் முடிந்தது என்று வெளிப்படையாக அறிவித்தான். 1964-லேயே அன்றைய ஜனாதிபதி லிண்டன் ஜான்சனுக்காக அமெரிக்கஸ் என்ற பக்கத்து ஊரில் தேர்தல் வேலை பார்த்தவர் மிஸ் லில்லியன், சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட ஜான்சன் மேல் அந்தப் பகுதி வெள்ளையர்களுக்கு அவ்வளவு கோபம் இருந்த நேரத்தில். இவர் காரைக்கூட விட்டு வைக்கவில்லை, சேதப்படுத்தினார்கள். அவர் வேலையை நிறுத்தவில்லை.

ஏர்ல் 1953-ல் புற்றுநோயில் போய்விட்டார். அப்புறம் இவர் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் மாணவர் விடுதி ஒன்றுக்குப் பொறுப்பாளராக இருந்தார், முதியோர் இல்லம் ஒன்றை நடத்தினார். பிறகு ஒரு நாள் ராத்திரி டிவியில் பீஸ் கோர் விளம்பரம், வயது தடையில்லை என்று. வெளிநாடுகளுக்குத் தொண்டர்களை அனுப்பும் அமெரிக்க அரசு அமைப்பு அது. விண்ணப்பம் போட்டுவிட்டார். 1966-ல், 68 வயதில், அவரை அனுப்பிய இடம் எங்கே தெரியுமா? பம்பாய், விக்ரோலி.

நான் வளர்ந்தது காட்கோபரில், விக்ரோலி அடுத்த ஸ்டேஷன். கோத்ரெஜ் காலனிப் பக்கம் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஒருவரின் அம்மா அங்கே ஊசி போட்டுக்கொண்டிருந்தார் என்று ஒருத்தரும் சொன்னதில்லை, வளர்ந்தபிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். முதலில் அவருக்குக் கொடுத்தது குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசார வேலை. அது பிடிக்கவில்லை, நர்ஸ் ஆயிற்றே, கிளினிக்குக்குப் போய்விட்டார். தொழுநோய் வந்த ஒரு சிறுமியைக் கொண்டுவந்தபோது தொடவே பயந்திருக்கிறார், தொட்ட பிறகு திரும்பத் திரும்பக் கையைக் கழுவியிருக்கிறார். அதை மறைக்காமல் வீட்டுக்குக் கடிதம் எழுதினார், நாளாக நாளாக அந்தப் பயம் போனதையும் எழுதினார். காலனித் தோட்டக்காரர் ஒருவர் காய்கறியும் பூவும் கொண்டுவந்து தருவார், பதிலுக்கு இவர் அவருடைய மகளுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். தன் எழுபதாவது பிறந்த நாளை அங்கேதான் கழித்தார். அதுவும் ஆகஸ்ட் 15, ஊரே கொடியேற்றிக் கொண்டாடும் நாள். வேண்டியவர்களையும் வசதிகளையும் விட்டு இவ்வளவு தூரம் வந்த இடத்தில்தான் வாழ்க்கை என்றால் என்னவென்று புரிந்தது என்று அன்றைக்குப் பிள்ளைகளுக்கு எழுதியிருக்கிறார். 1968-ல் ஊர் திரும்பியபோது உடம்பு பாதியாக இளைத்திருந்தது. அவர் இல்லாத நேரத்தில் பிள்ளைகள் சேர்ந்து ஒரு குளத்தோரம் அவருக்கென்று வீடு கட்டி வைத்திருந்தார்கள்.

மகன் ஒரு நாள் வந்து, நான் பிரசிடென்ட் பதவிக்கு நிற்கப்போகிறேன் என்றபோது அவர் கேட்டது, "எதோட பிரசிடென்ட்?" கேட்டாரே ஒழிய, 1976 தேர்தலில் மகனும் மருமகளும் ஊர் ஊராகப் போக, பேத்தி ஏமியைப் பார்த்துக்கொண்டதும் ப்ளெயின்ஸ் ரயில் நிலையத்தில் உட்கார்ந்து வருகிறவர்களையெல்லாம் வரவேற்றதும் அவர்தான். பிப்ரவரி 1977-ல் நம் ஜனாதிபதி ஃபக்ருதீன் அலி அகமது இறந்தபோது அமெரிக்கா சார்பில் இறுதிச் சடங்குக்கு வந்தவரும் அவரே. அந்த முடிவை எடுத்தவர் யாராக இருந்தாலும் எனக்கு அவர் மேல் தனி மரியாதை, மிஸ் லில்லியனைவிடப் பொருத்தமான ஆளை அனுப்பியிருக்க முடியாது.

1983 செப்டம்பரில் மகள் ரூத் புற்றுநோயில் இறந்தார். ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 30-ம் தேதி, 85 வயதில், இவரும் புற்றுநோயில் போனார். ப்ளெயின்ஸில் கணவர் பக்கத்திலேயே அடக்கம். அவர் பெயரில் இப்போது எமரி பல்கலைக்கழக நர்சிங் கல்லூரியில் ஒரு மையம் இருக்கிறது. ஐம்பது வயதுக்கு மேல் பீஸ் கோரில் சேவை செய்தவர்களுக்கு 1986-லிருந்து லில்லியன் கார்ட்டர் விருது என்றும் ஒன்று உண்டு. விக்ரோலியிலும் அவர் பெயரில் ஏதாவது இருக்க வேண்டும் என்பது என் ஆசை. குறைந்தபட்சம் ஒரு கிளினிக்குக்காவது அந்தப் பெயரை வைக்கலாம்.