கேளுங்கள், சொல்கிறோம்: சொன்னால் எரியும் விளக்கு, சொன்னால் ஓடும் மோட்டர்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் வீட்டுத் தானியங்கி அமைப்பு பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி (காவேரிப்பட்டணம் வாசகர்): புது வீடு கட்டுகிறோம். அடுத்த வாரம் சுவரில் காடி வெட்டி பைப் பதிக்கப் போகிறார்கள். பிறகு விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் போனிலேயே இயக்க வேண்டும் என்பது மகனின் ஆசை. இப்போதே என்ன செய்து வைக்கலாம்?

பதில்: எலக்ட்ரீஷியனிடம் முதலில் சொல்ல வேண்டியது, எல்லா சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரல் வயர் வர வேண்டும் என்பதே. பிளக் பாயின்ட் உள்ள போர்டில் அது தானாக வந்துவிடும். சுவிட்ச் மட்டும் இருக்கிற படிக்கட்டு, பாத்ரூம், போர்ட்டிகோ போர்டுகளில்தான் பேஸ் மட்டும் இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். சுவர் பூசிய பிறகு அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

அடுத்தது பெட்டி. போன் சொன்னபடி கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சின்ன ரிலே, சுவிட்சுக்குப் பின்னால் உட்கார இடம் வேண்டும். 6 மாட்யூல் போதும் என்கிற இடத்தில் 8 மாட்யூல் பெட்டியே வையுங்கள். ஆழம் இல்லாத பெட்டியில் வயரை மடக்கித் திணித்தால் திருகு தளரும், தளர்ந்த இடம் சூடேறும். இதோடு ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு கேட் 6 நெட்வொர்க் கேபிள், கரண்ட் பைப்போடு சேர்க்காமல் தனிப் பைப்பில். கருங்கல் சுவர் வைத்துக் கட்டுகிற நம் பக்கத்து வீடுகளில் கீழ்த்தள ரவுட்டர் மாடிக்கு எட்டாது.

மையக் கட்டுப்பாட்டுக்கு ஹோம் அசிஸ்டென்ட் என்ற இலவச மென்பொருளைச் சொல்வோம். 2013-இல் தொடங்கியது. ராஸ்பெரி பை 4 (4 ஜிபி) என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் அல்லது பழைய மினி பி.சி. ஒன்றில் ஓடும். வெவ்வேறு கம்பெனிப் பொருள்களை ஒரே இடத்தில் சேர்க்கும், இன்டர்நெட் போனாலும் வீட்டுக்குள் வேலை செய்யும். அந்தந்தக் கம்பெனியின் ஆப்பை மட்டும் நம்பினால் போனில் ஆறு ஆப் இருக்கும், வெளிநாட்டு சர்வர் படுத்தால் உங்கள் ஹாலும் படுத்துவிடும். வாங்கும்போது மேட்டர் அல்லது ஜிக்பி (வெவ்வேறு கம்பெனிப் பொருள்கள் பேசிக்கொள்ளும் பொது முறைகள்) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இணையமே இல்லாமல் இயங்குமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அந்தப் பொருளை வைத்துவிட்டு வரலாம்.

கேள்வி (பாலக்கோடு வாசகர்): ஒரு எச்.பி. போர் மோட்டரை 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கில் மாட்டினோம். ஒரு மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஆப்பில் ஆஃப் செய்தாலும் மோட்டர் நிற்கவில்லை. டேங்க் வழிந்து மாடியெல்லாம் தண்ணீர். பிளக் மட்டமா?

பதில்: பிளக்கில் குறையில்லை, அதற்கு இது வேலையில்லை. ஒரு எச்.பி. மோட்டர் ஓடும்போது 6 முதல் 8 ஆம்பியர் எடுக்கும். கிளம்புகிற நொடியில் அதைப்போல ஐந்து ஆறு மடங்கு. பிளக் மேல் எழுதியிருக்கும் 16 ஆம்பியர், ஹீட்டர் மாதிரியான லோடுக்குச் சொன்னது. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ரிலேயின் முனைகளில் தீப்பொறி பறந்து, ஒருநாள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு ஆப் என்ன சொன்னாலும் முனை பிரியாது.

இதற்குக் கான்டாக்டர் வேண்டும், அதாவது காயிலின் காந்தத்தால் இயங்கும் பெரிய சுவிட்ச். ஸ்மார்ட் ரிலே கான்டாக்டரின் காயிலை மட்டும் இயக்க வேண்டும், மோட்டரின் கரண்ட் கான்டாக்டர் வழியே போக வேண்டும். ஒரு எச்.பி.க்கு ஏ.சி.3 என்ற மோட்டர் லோடுப் பிரிவில் 12 ஆம்பியர் கான்டாக்டர் போதும்.

பச்சை, சிவப்பு பட்டன் உள்ள பேனல் என்றால், எம்.சி.பி.யை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனை மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே கான்டாக்டர் இருந்து, பச்சைப் பட்டனுக்குக் காயிலின் மெல்லிய வயர் மட்டும் போனால் வேலை சுலபம். டிரை கான்டாக்ட் ரிலே (தானாகக் கரண்ட் கொடுக்காமல் வெறும் சுவிட்ச் போல இணைக்கும் வகை) ஒன்றைப் பச்சைப் பட்டனுக்கு இணையாகவும், இன்னொன்றின் என்.சி. (இயங்காதபோது மூடியிருக்கும்) முனையைச் சிவப்புப் பட்டனோடு தொடராகவும் கொடுக்கலாம். இரண்டையும் இன்ச்சிங் முறையில், அதாவது இயங்கியதும் தானாக விட்டுவிடும்படி வைத்து, ஒரு நொடி கொடுங்கள். சில பேனல்களில் பச்சைப் பட்டனை அழுத்தியிருக்கும் வரை ஸ்டார்ட் கெபாசிட்டர் லைனில் இருக்கும். ரிலே அதை விடாமல் பிடித்திருந்தால் கெபாசிட்டர் வெடிக்கும். பட்டன் வழியே தடித்த வயர் போனால், அதாவது கெபாசிட்டர் கரண்டே பட்டன் வழியாகப் போனால், ரிலேயை நேராகக் கொடுக்காமல் நடுவில் இன்னொரு கான்டாக்டர் வையுங்கள்.

தோட்டத்து மூன்று பேஸ் ஸ்டார்ட்டரில் இதை அப்படியே செய்யக்கூடாது. அதில் காயில் பெரும்பாலும் 415 வோல்ட், இரண்டு பேஸ்களுக்கு நடுவில் இருக்கும். சிறிய ரிலேக்கள் 250 வோல்ட் வரைதான் தாங்கும். 230 வோல்ட் காயில் உள்ள குட்டிக் கான்டாக்டரை ரிலே இயக்கட்டும், அதன் முனைகள் ஸ்டார்ட்டர் பட்டனுக்கு இணையாகப் போகட்டும்.

இனி டேங்க். மேலே ஒன்று, கீழே ஒன்று என, தண்ணீரில் மிதந்து இயங்கும் இரண்டு ஃப்ளோட் சுவிட்ச் வையுங்கள். வெறும் வயர் முனைகளைத் தண்ணீரில் தொங்கவிடும் சென்சார் நம் ஊர் உப்புத் தண்ணீரில் சீக்கிரம் அரித்துப்போகும். ஒலி அலையால் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாருக்குக் கண் தெரியாத தூரம் ஒன்று உண்டு, முகத்துக்குக் கீழே சுமார் 20 முதல் 25 செ.மீ. வரை. தண்ணீர் அதற்குள் ஏறிவிட்டால் அளவு தாறுமாறாகக் காட்டும், மூடியில் பட்ட ஆவியும் குழப்பும். ஃப்ளோட்டைச் சுற்றி உப்புப் படிந்து அசையாமல் போகும் என்பதால், டேங்க் கழுவும்போதெல்லாம் அதையும் துடைத்துக் கையால் ஆட்டிப் பாருங்கள். அலையில் ஃப்ளோட் துள்ளும். ஐந்து நொடி தொடர்ந்து ஒரே நிலையில் இருந்தால்தான் கணக்கில் எடு என்று நிரலில் எழுதுங்கள்.

ஃப்ளோட்டும் கைவிடலாம். டேங்க் நிறைய 25 நிமிடம் ஆகுமென்றால், 35 நிமிடத்தில் கட்டாயம் நிறுத்து என்று ஒரு டைமர் வேண்டும். அது போனிலோ சர்வரிலோ இருக்கக்கூடாது, ரிலேயை இயக்கும் ஈ.எஸ்.பி.32 என்ற சின்னக் கன்ட்ரோலர் போர்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். போரில் தண்ணீர் வற்றினால் மோட்டர் எடுக்கும் கரண்ட் இறங்கும். கரண்ட் அளக்கும் மாட்யூல் ஒன்று வைத்து, வழக்கமான அளவில் 70 சதவீதத்துக்குக் கீழே பத்து நொடி இருந்தால் நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்தே மறுபடி அனுமதியுங்கள். ஆயிரம் அடி போரில் மோட்டரைத் தூக்கிப் பார்க்கிற செலவை நினைத்தால் இந்த மாட்யூல் ஒன்றுமே இல்லை.

கேள்வி (தர்மபுரி வாசகி): என் மாமியாருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். அலெக்ஸா வாங்கினால் அவர் பேசுவது அதற்குப் புரியுமா?

பதில்: இந்தியாவில் அலெக்ஸா ஆங்கிலமும் இந்தியும் பேசுகிறது. ஆனால் உங்கள் மாமியார் சொல்லப்போவது "லைட் ஆன்", "ஃபேன் ஆஃப்" தானே? ஆங்கில இந்தியா மொழியில் வைத்தால் போதும். சாமர்த்தியம் பெயர் வைப்பதில் இருக்கிறது. ஹால், கிச்சன், போர்ட்டிகோ என்று அதற்குப் பழகிய சொற்களை வையுங்கள். "மாடி லைட்" என்றால் அது வேறேதோ கேட்டுக்கொள்ளும். ஆப்பில் ஆக்டிவிட்டி பகுதியில் குரல் பதிவுகளைத் திறந்தால், மாமியார் சொன்னதை அது எப்படி எழுதிக்கொண்டது என்று தெரியும். ஆப்பில் ரொட்டீன் (இதைச் சொன்னால் இதைச் செய் என்ற அமைப்பு) ஒன்று உருவாக்கி, அந்தத் தப்பான எழுத்தையே அதன் வாக்கியமாகப் போட்டுவிடுங்கள், அடுத்த முறை சொன்னபடி கேட்கும்.

ஒவ்வொரு அறையிலும் அந்த அறை விளக்குகளையும் அங்கே வைத்த ஸ்பீக்கரையும் ஒரே குழுவில் சேர்த்தால், "லைட் ஆன்" என்று மட்டும் சொன்னாலே அந்த அறை விளக்கு எரியும். மோட்டர், மோட்டர் ரூம் லைட் என ஒன்றுக்குள் ஒன்று புகும் பெயர்கள் வேண்டாம்.

ஸ்பீக்கர் பேசுவது தமிழில் இருக்கலாம். ஹோம் அசிஸ்டென்டில் கூகுள் டிரான்ஸ்லேட் குரலைச் சேர்த்துத் தமிழைத் தேர்ந்தெடுத்தால், கூகுள் ஸ்பீக்கரில் "டேங்க் நிறைந்துவிட்டது" என்று சொல்ல வைக்கலாம். பழைய சுவிட்சுகளை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ரிலே சுவிட்சுக்குப் பின்னால் இருக்கட்டும். கையால் தட்டினாலும் எரிய வேண்டும். வீட்டுக்கு வந்த விருந்தாளி பாத்ரூம் விளக்குக்காக அலெக்ஸாவைக் கெஞ்சக்கூடாது.

கேள்வி (ஒசூர் வாசகர்): ஃபைபர் இணைப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் ஸ்மார்ட் சுவிட்ச் சேரவே மாட்டேன் என்கிறது. சேர்ந்ததும் அடிக்கடி ஆஃப்லைன்.

பதில்: இந்த சுவிட்சுகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும் பிடிக்கும். ரவுட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் காட்டினால் போன் 5-இல் இருந்துகொண்டு சுவிட்சைத் தேடும். இரண்டுக்கும் தனிப் பெயர் கொடுத்து, போனை 2.4-இல் போட்டுச் சேருங்கள். பிறகு ரவுட்டரில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஐ.பி. முகவரியை நிலையாக ஒதுக்குங்கள்.

ஜிக்பி டாங்கிள் (கம்ப்யூட்டரில் செருகும் ஜிக்பி ரிசீவர்) வைத்திருந்தால் அதை நேராக நீல நிற யு.எஸ்.பி. 3 துளையில் செருகாதீர்கள். அதன் இரைச்சல் சிக்னலைக் கெடுக்கும். ஒரு மீட்டர் யு.எஸ்.பி. நீட்டிப்புக் கேபிள் போட்டுத் தள்ளி வையுங்கள். பாட்டரி சென்சார்கள் சிக்னலைக் கடத்தாது, கரண்டில் ஓடும் ஜிக்பி பிளக்குகள்தான் கடத்தும். தூரத்து அறைக்கு இடையில் ஒன்று போதும்.

கேள்வி (அரூர் வாசகர்): ராத்திரி இரண்டு மணிக்கு கரண்ட் போய் வந்தால் எல்லா பல்பும் முழு வெளிச்சத்தில் எரிகிறது. போன மாதம் ராஸ்பெரி பையும் துவங்கவில்லை.

பதில்: ஸ்மார்ட் பல்பின் அமைப்பில் "கரண்ட் வந்ததும்" என்ற பகுதியில் முந்தைய நிலை என்று தேர்ந்தெடுங்கள். மோட்டர், கீசர் ரிலேக்களுக்கு மட்டும் முந்தைய நிலை கூடாது, ஆஃப் தான்.

ராஸ்பெரி பை விஷயத்தில் பழி மெமரி கார்டின் மேல்தான் போகும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டு கெடும். மெமரி கார்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. டிரைவுக்கு மாறுங்கள். ராஸ்பெரி பைக்கும் ரவுட்டருக்கும் இன்வெர்ட்டர் லைன் கொடுத்து, இன்வெர்ட்டரை யு.பி.எஸ். முறையில் வையுங்கள். சாதாரண முறையில் மாறும் நேரம் நீளமாக இருப்பதால் ரவுட்டர் ஒருமுறை அணைந்து எழும். பை 4-க்கு 5.1 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டரே வேண்டும், பழைய போன் சார்ஜர் ஆகாது. வாராந்திர பேக்கப்பை வேறொரு இடத்துக்கு அனுப்ப வையுங்கள்.

கேள்வி (தேன்கனிக்கோட்டை வாசகர்): ஸ்மார்ட் சுவிட்சை ஆஃப் செய்தாலும் எல்.இ.டி. மங்கலாக மினுக்குகிறது.

பதில்: நியூட்ரல் இல்லாத வகை சுவிட்ச் வாங்கியிருக்கிறீர்கள். அது தன் பிழைப்புக்குக் கொஞ்சம் கரண்டை விளக்கு வழியாகவே எடுக்கும். சுவிட்சோடு ஒரு சின்ன பைபாஸ் கெபாசிட்டர் கொடுத்திருப்பார்கள். அதை விளக்கின் இரு முனைகளுக்கு இணையாக, விளக்குப் பக்கம் மாட்டுங்கள்.

கேள்வி (பென்னாகரம் வாசகி): ஒகேனக்கல் குடிநீர் எந்த நேரம் வரும் என்று தெரியாது. வந்ததும் தெரிய வழி உண்டா?

பதில்: ஜிக்பி தண்ணீர்க் கசிவு சென்சார் ஒன்று போதும், பாட்டரியில் ஓடும். சம்ப்புக்குள் குழாய் வாய்க்கு நேர் கீழே, நிறைந்த மட்டத்துக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கம்பியில் தொங்கவிட்டு, அதன் அடியில் ஒரு சின்ன ஓட்டை போடுங்கள். சென்சாரின் உடல் வெளியே இருக்கட்டும், நீட்டிய வயர் முனை மட்டும் கிண்ணத்தில். தண்ணீர் விழுந்தால் கிண்ணம் நிறையும், நின்றால் ஓட்டை வழியே வடியும். வயர் நீட்டும் வசதி உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள். சம்ப்பின் சிமென்ட் மூடிக்குக் கீழே சென்சாரையே போட்டால் சிக்னல் வெளியே வராது.

கேள்வி (பர்கூர் வாசகர்): பெங்களூருவில் வேலை. அங்கிருந்து வீட்டு ஹோம் அசிஸ்டென்டைத் திறக்க முடியவில்லை. போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வர ரவுட்டரில் வழி திறப்பது) செய்தும் பலனில்லை.

பதில்: ரவுட்டரில் வான் ஐ.பி., அதாவது நெட் கம்பெனி ரவுட்டருக்குக் கொடுத்த முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், உங்கள் நெட் கம்பெனி பல வீடுகளுக்கு ஒரே முகவரியைப் பகிர்ந்து கொடுக்கிறது. அங்கே போர்ட் ஃபார்வர்டிங் எடுபடாது, திறந்து வைப்பது பாதுகாப்பும் இல்லை. ஹோம் அசிஸ்டென்டில், வீட்டையும் போனையும் தனி வலையில் இணைக்கும் டெயில்ஸ்கேல் ஆட்-ஆன் போட்டு, போனிலும் டெயில்ஸ்கேல் ஆப்பில் அதே கணக்கில் நுழையுங்கள். ஹோம் அசிஸ்டென்ட் ஆப்பில் வெளி முகவரி என்ற இடத்தில் டெயில்ஸ்கேல் கொடுத்த 100-இல் தொடங்கும் எண்ணையும் 8123 போர்ட்டையும் எழுதினால் திறக்கும்.