வீடியோ பார்த்தால் நுண்கணிதம் வருமா? நீலகிரி மஞ்சூர் பக்கத்து அம்மா ஒருவருக்குப் பதில்

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். இரண்டாம் தொகுதியில் எல்லைகள் பாடம் தொடங்கியதிலிருந்து கணக்கு பிடிபடவில்லை. ராத்திரியெல்லாம் போனில் வீடியோ பார்க்கிறாள், பரீட்சையில் மார்க் வரவில்லை. பிளஸ் டூவுக்குக் கீழே நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடலாமா? அல்லது மாதத் தவணையில் ஆன்லைன் கோர்ஸ் தருகிறேன் என்று போன் செய்கிறவரிடம் பணம் கட்டலாமா?

பள்ளி மாற்றும் யோசனையை முதலில் ஓரம் கட்டுங்கள். 6ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பெண் பிள்ளை என்பதால் கல்லூரியில் சேர்ந்தபின் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். கடைசி ஒரு வருடத்துக்காகத் தனியார் பள்ளிக்கு டி.சி. வாங்கினால் அந்த ஒதுக்கீடு கைவிட்டுப் போகும். இவ்வளவையும் விட்டுக்கொடுக்கிற அளவுக்கு நுண்கணிதம் பெரிய பூதம் இல்லை.

சரி, வீடியோவுக்கு வருவோம். வீடியோ பார்த்து நுண்கணிதம் படிக்க முடியும். மலையில் நல்ல டியூஷன் கிடைக்காத ஊர்களில் அது பெரிய வரம்தான். ஆனால் உங்கள் மகள் செய்வது பார்ப்பது மட்டும். ஆசிரியர் போர்டில் கணக்கை முடிக்கும்போது ஒவ்வொரு வரியும் நியாயமாகவே படும். புரிந்துவிட்டது என்று மனம் சொல்லும். மறுநாள் வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் முதல் வரியே வராது. ஆற்றங்கரையில் உட்கார்ந்து நீச்சலைப் பார்த்த கதைதான்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். இரண்டு கணக்குகளை எழுதி அவளை வகையிட (டிஃபரன்ஷியேட் செய்ய) சொல்லுங்கள். ஒன்று, எக்ஸை ஸ்கொயர் செய்து அதற்கு சைன் எடுப்பது. இன்னொன்று, சைன் எக்ஸ் எடுத்து அதை ஸ்கொயர் செய்வது. முதலாவதன் விடை இரண்டு எக்ஸ் பெருக்கல் காஸ் எக்ஸ் ஸ்கொயர். இரண்டாவதன் விடை இரண்டு சைன் எக்ஸ் காஸ் எக்ஸ். இரண்டுக்கும் ஒரே விடை எழுதினாலோ, இரண்டாவதில் காஸை மறந்துவிட்டாலோ, சார்புக்குள் சார்பு உட்கார்ந்திருப்பது இன்னும் அவள் கண்ணில் படவில்லை. இதற்குப் புது வீடியோ வேண்டாம். இதே மாதிரிக் கணக்குகளை ஒரு பக்கம் நிறையப் போட்டால் போதும்.

அடுத்தது தொகையிடல், அதாவது இன்டகிரேஷன். இங்கே தடுக்கி விழுகிற பிள்ளைகளில் பாதிப்பேருக்கு நோய் நுண்கணிதத்தில் இல்லை, முதல் தொகுதியில் இருக்கிறது. காஸ் ஸ்கொயர் எக்ஸைத் தொகையிட வேண்டுமென்றால் காஸ் டூ எக்ஸ் சூத்திரம் கைவசம் இருக்க வேண்டும். அது முக்கோணவியல் பாடம். கீழே எக்ஸ் ஸ்கொயர் கழித்தல் ஒன்று என்று இருக்கும் பின்னத்தைத் தொகையிட அதைப் பகுதிப் பின்னங்களாக உடைக்கத் தெரிய வேண்டும். அது அடிப்படை இயற்கணிதம். ஜூன், ஜூலையில் மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்ட நாட்களில் ஓடிப்போன பாடங்கள் இவை. குந்தா, கூடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளிடம் இந்த ஓட்டையை அடிக்கடி பார்க்கிறேன். இரண்டு வாரம் நுண்கணிதத்தை நிறுத்திவிட்டு அந்த இரண்டு பாடங்களையும் திரும்பப் போடச் சொல்லுங்கள். நாள் வீணாவது போலத் தோன்றும், பரவாயில்லை.

எந்த வீடியோ? மாநிலப் பாடத்திட்டத்துக்கு நேராக வேண்டுமென்றால் கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபில் தமிழிலேயே இருக்கின்றன. இயற்கணித ஓட்டையை அடைக்க கான் அகாடமி நல்லது. ஆங்கிலத்தில்தான், ஆனால் அங்கே வீடியோவோடு பயிற்சிக் கணக்கும் வரும், தப்புச் செய்தால் உடனே தெரியும். இரண்டுமே இலவசம். ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் பாடம் எடுக்கும் என்.பி.டி.இ.எல். நல்ல தரம், ஆனால் அது கல்லூரிக்கு, இப்போது வேண்டாம். முக்கியமாக, ஒரு பாடத்துக்கு ஒரே வாத்தியார் போதும். ஒருவர் சொல்வது புரியவில்லை என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொண்டிருந்தால் ராத்திரி போய்விடும், கணக்கு நிற்கும்.

பார்க்கும் முறை இப்படி இருக்கட்டும். எடுத்துக்காட்டுக் கணக்கு போர்டில் வந்ததும் வீடியோவை நிறுத்த வேண்டும். தானாகப் போட்டுப் பார்க்க வேண்டும். முட்டினால் ஒரு வரி மட்டும் ஓடவிட்டு மறுபடி நிறுத்த வேண்டும். மறுநாள் அதே கணக்கை எதையும் பார்க்காமல் போட வேண்டும். நெட்வொர்க் மஞ்சூரில் எப்படி என்று எனக்குத் தெரியும். ஊட்டி போகும்போது வைஃபை கிடைத்தால் ஒரு வாரத்துக்கானதை இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். மற்றபடி பாடப்புத்தகத்துக்கு சிக்னல் வேண்டாம், அதில் பயிற்சிகள் தாராளமாக இருக்கின்றன.

வீடியோவால் செய்ய முடியாத ஒன்று உண்டு. அவள் பேனா எந்த வரியில் தவறியது என்று அது பார்க்காது. பள்ளியில் இருக்கும் கணித ஆசிரியர்தான் அதைப் பார்க்க முடியும். தப்பான கணக்கை அழிக்காமல் அப்படியே கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள். ‘எனக்குப் புரியலை சார்’ என்றால் அவர் எங்கிருந்து தொடங்குவார்? ‘இந்த வரியிலிருந்து வரலை சார்’ என்றால் இரண்டு நிமிட வேலை.

உங்களுக்கு நுண்கணிதம் தெரியாது என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். தெரிய வேண்டியதில்லை. இன்றைக்கு எத்தனை வீடியோ பார்த்தாய் என்று கேட்பதை விட்டுவிட்டு, நோட்டை வாங்கிப் பாருங்கள். அடித்தல் திருத்தல் நிறைந்த பக்கங்கள் இருந்தால் வேலை நடக்கிறது. வீடியோவிலிருந்து பிரதி எடுத்தது போல அழகாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்புறம், இந்த ஜனவரி உறைபனியில் விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பிவிடாதீர்கள். தூக்கம் போனால் முதலில் போவது கணக்குதான்.

அவளுக்கு இது எதற்கு என்று புரியவில்லை என்கிறாளாம். நியாயமான கேள்வி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயில் 46 கிலோமீட்டரை ஏறக்குறைய 5 மணி நேரத்தில் ஏறுகிறது. சராசரி மணிக்குப் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் கல்லாறு தாண்டிப் பல்சக்கரத்தில் ஏறும்போது ஒரு வேகம், குன்னூருக்கு மேலே இன்னொரு வேகம். குறிப்பிட்ட ஒரு கணத்தில் என்ன வேகம் என்று கேட்டால் வகைக்கெழு வருகிறது. அந்த வேகங்களைக் கூட்டி எவ்வளவு தூரம் வந்தோம் என்று கேட்டால் தொகையீடு.

மார்க் கணக்கு இது. பொறியியல் கட்ஆஃப் 200இல் கணிதத்துக்கு மட்டும் 100. பிளஸ் டூ கணிதத்தின் 12 பாடங்களில் 4 நேரடியாக நுண்கணிதம், நிகழ்தகவுப் பரவல்களிலும் தொகையீடு வந்து நிற்கும். அண்ணா பல்கலைக்கழகத்தில் முதல் செமஸ்டரிலேயே மறுபடி இதே பாடம். பி.எஸ்சி. இயற்பியல், கணிதம் என்று போனாலும் விடாது. ஊட்டி பக்கம் முத்தோரையில் 530 மீட்டர் நீளத்துக்கு மலைச்சரிவில் நிற்கிறதே ரேடியோ தொலைநோக்கி, அந்தப் பக்கம் போக ஆசைப்படும் பிள்ளைக்கு இது அன்றாடச் சாப்பாடு. நர்சிங், சட்டம், பி.காம். என்றால் இவ்வளவு முட்டிக்கொள்ள வேண்டாம். ஆகவே என்ன படிக்க ஆசை என்று அவளிடமே ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள். கடிதத்தில் அது மட்டும் இல்லை.

தவணைக் கோர்ஸ் பற்றி. போனில் பேசியவர் ‘தவணை’ என்று சொல்வது பல நேரங்களில் ஒரு நிதி நிறுவனத்தில் உங்கள் பேரில் எடுக்கப்படும் கடன். பிள்ளை பாதியில் நிறுத்தினாலும் கடன் நிற்காது. 2021 டிசம்பரில் மத்திய கல்வி அமைச்சகமே பெற்றோரை எச்சரித்திருக்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் அனுமதியைக் கொடுக்காதீர்கள், ஓ.டி.பி. சொல்லாதீர்கள். கோடை விடுமுறை வரை மேலே சொன்னபடி போகட்டும். மே மாதம் பிளஸ் ஒன் பயிற்சிக் கணக்குகளில் பாதியைத் தானாகப் போட முடியவில்லை என்றால், அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கை வைத்து ஊட்டியிலோ குன்னூரிலோ நேரில் சொல்லித்தரும் ஒருவரிடம் விடுமுறைக்கு மட்டும் அனுப்புங்கள். போகும்போது அந்த அடித்தல் திருத்தல் நோட்டும் கூடப் போகட்டும்.