இந்தியாவோட முதல் பெண் ஐஎஃப்எஸ் (வெளியுறவுப் பணி) அதிகாரி யாரு, அவங்க ஏன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாங்க?

நிறைய பேர் விஜயலட்சுமி பண்டிட்னு சொல்லுவாங்க. அவங்க 1947லயே மாஸ்கோவுக்கு தூதரா போனது உண்மைதான், ஆனா அது அரசாங்கம் நேரடியா போட்ட பதவி. பரீட்சை எழுதி பாஸ் பண்ணி உள்ள வந்த முதல் பெண் சி.பி. முத்தம்மா.

குடகுல விராஜ்பேட்டைக்காரங்க, 1924ல பிறந்தவங்க. அப்பா வனத்துறை அதிகாரி, இவங்களுக்கு ஒன்பது வயசு இருக்கும்போதே தவறிட்டார், அம்மாதான் நாலு பிள்ளைகளையும் படிக்க வச்சாங்க. மெட்ராஸ்ல விமன்ஸ் கிறிஸ்டியன் காலேஜ், அப்புறம் பிரசிடென்சில எம்.ஏ. இங்கிலீஷ். 1948ல யுபிஎஸ்சி பாஸ் பண்ணி, அடுத்த வருஷம் சர்வீஸ்ல சேர்ந்தாங்க. இன்டர்வியூலயே போர்டு சேர்மன் ஃபாரின் சர்வீஸ் வேண்டாம்னு மனசை மாத்தப் பாத்தாராம், இவங்க அசையலன்னதும் நேர்முகத்துல மார்க்கையும் குறைச்சுட்டாருன்னு பின்னாடி தெரிஞ்சுதுன்னு அவங்களே மனுவுல சொல்லியிருக்காங்க. சேரும்போது கல்யாணம் ஆனா ராஜினாமா பண்ணிடுறேன்னு எழுதி வேற வாங்கிக்கிட்டாங்க.

இதைப் படிச்சப்ப எனக்கு எங்க சித்தி ஞாபகம்தான் வந்துச்சு. ஒரு கம்பெனி இன்டர்வியூல "எப்போ கல்யாணம்?"ங்கிறதுதான் முதல் கேள்வியாம், கோல்ட் மெடல் சர்டிஃபிகேட் ஃபைலை விட்டு வெளியவே வரல. அதை சொல்லும்போது இப்பவும் அவங்க குரல் மாறிடும்.

முத்தம்மா பாரிஸ், ரங்கூன், லண்டன்னு வேலை பாத்து 1970ல ஹங்கேரிக்கு தூதரானாங்க, அப்புறம் கானா. அத்தனைக்கு அப்புறமும் கிரேடு 1 பிரமோஷன் மட்டும் வரல, ஜூனியர்ஸுக்கு வந்துச்சு. அப்பதான் கோர்ட்டுக்குப் போனாங்க. 1961 விதியில என்ன இருந்துச்சுன்னு பாருங்க: பெண் அதிகாரி கல்யாணம் பண்றதுக்கு முன்னாடி அரசாங்கத்துகிட்ட எழுத்துல அனுமதி வாங்கணும், கல்யாணத்துக்கு அப்புறம் குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சலா இருக்கும்னு அரசாங்கம் நினைச்சா எப்ப வேணா ராஜினாமா பண்ணச் சொல்லலாம். இன்னொரு விதி, கல்யாணமான பெண்ணுக்கு இந்த சர்வீஸ்ல நியமனம் கேக்க உரிமையே இல்லங்குது. அரசியல் சாசனம் வந்து 11 வருஷம் கழிச்சு எழுதின விதிங்க இது!

கேஸ் நடந்துக்கிட்டு இருக்கும்போதே பிரமோஷன் குடுத்து நெதர்லாந்துல இருக்கற ஹேக் நகரத்துக்கு தூதரா போட்டுட்டாங்க. 1979 செப்டம்பர்ல தீர்ப்பு, எழுதினது நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். மனுவைத் தள்ளுபடி பண்றோம், ஆனா பிரச்சினையைத் தள்ளுபடி பண்ணலன்னு எழுதினார். பெண்ணுக்கு குடும்பம் இடைஞ்சல்னா ஆணுக்கும் அதே நிலைமை வரலாமேன்னு கேட்டார். ஒரு விதியை எடுத்தாச்சு, இன்னொண்ணையும் எடுக்கப் போறோம்னு அரசாங்கம் கோர்ட்ல சொல்ல வேண்டியதாச்சு, நடுவுல போன சீனியாரிட்டியையும் மறுபடி பாக்கச் சொன்னாங்க. பேப்பர்ல கேஸ் தள்ளுபடி, ஆனா எனக்கு இது முழு வெற்றிதான். பிரமோஷன் கைக்கு வந்ததும் அவங்க ஒதுங்கியிருந்தா அந்த விதிகளைப் பத்தி ஒரு தீர்ப்பு வந்திருக்குமா சொல்லுங்க?

1982ல ரிட்டயர் ஆனாங்க, கடைசி வரைக்கும் கல்யாணம் பண்ணிக்கல. 2009 அக்டோபர்ல பெங்களூர்ல காலமானாங்க. அப்போ டெல்லியில வெளியுறவுச் செயலாளர் நாற்காலியில இருந்தது நிருபமா ராவ். அந்தக் கல்யாண விதி அமல்ல இருந்தப்பவே, 1973ல சர்வீஸுக்கு வந்தவங்க அவங்க.