கர்ப்ப காலத்தில் கணவன் மனைவிக்குள் சண்டை கூடுவது ஏன்?

மனைவிக்கு நான்காம் மாதம், தொட்டதற்கெல்லாம் சண்டை, 'எல்லாம் ஹார்மோன்' என்கிறார்கள், அவ்வளவுதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஹார்மோனுக்குப் பங்கு உண்டு. ஆனால் சண்டையாக வெடிப்பது பெரும்பாலும் வீட்டுவேலையும் பேசாமல் விட்ட முடிவுகளும்தான்.

ஆறாவது வாரத்தையொட்டித் தொடங்கும் குமட்டல் பலருக்கு 14–16 வாரத்துக்குள் அடங்கும். புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடுவதால் பகலிலேயே அசத்தும். வயிறு வெளியே தெரியாத இந்த நாட்களில்தான் 'சும்மா படுத்தே கிடக்கிறாள்' என்ற பேச்சு கிளம்பும். தாளிக்கும் வாசனையே குமட்டுகிறவரிடம் "என்ன செய்யணும்னு சொல்லு" என்று நிற்காதீர்கள். சொல்லிச் சொல்லி வேலை வாங்குவதும் அலுப்புதான். காலைச் சமையல், குப்பை, செக்கப் தேதி, மாத்திரை என்று சிலவற்றை முழுதாக உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். (இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு கொடுக்கக் கூடாது, சத்து சரியாகச் சேராது.)

சிக்கலில்லாத கர்ப்பத்தில் உடலுறவால் குழந்தைக்கு ஆபத்தில்லை. ரத்தப்போக்கு, நீர்க்கசிவு, நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருப்பது, குறைப்பிரசவ அபாயம் என்றால் தவிர்க்கவேண்டும். நீங்கள் பயந்து விலகினால் அவர் அதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளக்கூடும். அடுத்த செக்கப்பில் இருவருமாகக் கேட்டுவிடுங்கள்.

நம் ஊரில் பெரிய உரசல் வளைகாப்பையொட்டித்தான். எந்த ஆஸ்பத்திரி, தலைப்பிரசவச் செலவு யாருடையது, சிசேரியன் என்றால் பணத்துக்கு என்ன வழி, தாய்வீட்டிலிருந்து எப்போது திரும்புவது எல்லாவற்றையும் பெரியவர்களே பேசி முடித்துவிடுவார்கள். பெண்வீட்டார் தலையில் செலவு விழும்போது நீங்கள் வாய்திறக்காமல் இருந்தால், அந்த மௌனம் வருடக்கணக்கில் அவர் மனதில் நிற்கும். அடுத்த மாதத்துக்குள் இருவரும் உட்கார்ந்து முடிவெடுங்கள். உங்கள் பெற்றோரிடம் நீங்களே சொல்லுங்கள், அவரைச் சொல்லவைக்காதீர்கள். வேலைக்குப் போகிறவர் என்றால், மகப்பேறு விடுப்புச் சட்டப்படி தகுதியுள்ளவர்களுக்கு முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பிரசவத்துக்கு முன் அதில் 8 வாரம் வரை எடுக்கலாம். அந்தச் சட்டத்தில் கணவருக்கு ஒரு நாள்கூடக் கிடையாது. உங்கள் லீவை இப்போதிருந்தே சேர்த்துவையுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை தொடர்ந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். 'செத்துப்போகலாம் போல இருக்கு' என்று ஒருமுறை சொன்னாலும் தனியே விடாமல் அன்றே கூட்டிப்போங்கள்.